வீட்டிலேயே தயாராகுது பீர்... வைக்கத்தான் இடமில்லை!
சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் ‘பாம் ஷெல்டர்’ வரை போன பாட்டில்கள்: நம்ம ஊரில் செய்தால் கம்பி எண்ண வேண்டும்

சிங்கப்பூரில் சொந்த வீட்டில், சொந்த உபயோகத்துக்கு பீர் தயாரிக்க சட்டம் அனுமதிக்கிறது. லைசென்ஸ் வேண்டாம். ஆனால் தயாரித்த பீரை எங்கே வைப்பது என்பதுதான் அங்குள்ள வீடுகளில் பெரிய தலைவலி. கட்டிலுக்கு அடியில், துணி அலமாரியில், ஃப்ரிட்ஜில், கடைசியில் குண்டு வீச்சில் இருந்து தப்பிக்க கட்டிய அறையில் கூட பாட்டில்கள் அடுக்கப்படுகின்றன. இடம் சரியில்லை என்றால் ‘டமார்’ என்று பாட்டில் வெடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் சிங்கப்பூரில் சொந்தக்காரர் இல்லாத தெருவை பார்ப்பது கஷ்டம். லீவில் ஊருக்கு வருபவர்கள் ‘அங்கே வீட்டிலேயே பீர் போடலாம் தெரியுமா?’ என்று சொல்லும் கதையை கேட்டு இங்கே சிலருக்கு ஆசை வருகிறது. அந்த கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆபத்து? விவரம் வருமாறு:-

மாதம் 30 லிட்டர்

சிங்கப்பூரில் 2004-ம் ஆண்டு முதல் இந்த சலுகை இருக்கிறது. பீர், ஒயின் போன்ற புளிக்க வைத்த மது வகைகளை வீட்டில் தயாரிக்கலாம். ஆனால் கண்டிஷன்கள் உண்டு. ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. தயாரிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டில்தான் செய்ய வேண்டும். ஒரு பாட்டில் கூட விற்கக்கூடாது.

முக்கியமான விஷயம், வடிப்பதற்கு அனுமதி கிடையாது. சாராயம் காய்ச்சுவது வேறு, பீர் போடுவது வேறு. சாராயத்துக்கு ஊறலை கொதிக்க வைத்து ஆவியை பிடித்து வடிப்பார்கள். பீருக்கு அந்த வேலை இல்லை. முளைகட்டி காயவைத்த பார்லியின் சாறை, ஹாப்ஸ் என்ற கசப்பு பூவோடு கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடி வைப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையை தின்று ஆல்கஹாலையும் காஸையும் விடும். இட்லி மாவு ராத்திரியில் புளித்து பொங்குமே, கிட்டத்தட்ட அந்த கதைதான்.

கடையில் கிடைக்காததா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் மதுவுக்கு வரி அதிகம். பீரில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 சிங்கப்பூர் டாலர் என்று கலால் வரி கணக்கிடுகிறார்கள். 5 சதவீத ஆல்கஹால் உள்ள 1 லிட்டர் பீருக்கு கலால் வரி மட்டும் 3 டாலர். அதற்கு மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. இதனால்தான் சிலர் சொந்தமாக இறங்குகிறார்கள். ‘நானே செய்தது’ என்று நண்பர்களிடம் காட்டும் ஆசையும் ஒரு காரணம்.

36 பாட்டில் கணக்கு

சிங்கப்பூரில் 10 பேரில் 8 பேர் அளவுக்கு வீடமைப்பு வளர்ச்சி கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். தமிழர்கள் இதை ‘வீ.வ.க. வீடு’ என்பார்கள். ‘4 அறை வீடு’ என்று சொல்வது சுமார் 90 சதுர மீட்டர், அதாவது 970 சதுர அடி. இதில் 3 பெட்ரூம், ஹால், சமையல் கட்டு எல்லாம் அடக்கம். ‘3 அறை வீடு’ இன்னும் சின்னது, சுமார் 700 சதுர அடி. நம்ம ஊர் போல கொல்லைப்புறம் கிடையாது. மொட்டை மாடியும் சொந்தம் கிடையாது.

இந்த வீட்டுக்குள் பீர் எவ்வளவு இடத்தை பிடிக்கும்? கடைகளில் விற்கும் ரெடிமேட் ‘கிட்’ ஒன்று வாங்கினால் வழக்கமாக 23 லிட்டர் பீர் வரும். பெரிய 650 மில்லி பாட்டிலில் ஊற்றினால் 35, 36 பாட்டில். சின்ன 330 மில்லி பாட்டில் என்றால் ஏறக்குறைய 70. நிரப்பிய 36 பெரிய பாட்டில்களின் எடை சுமார் 40 கிலோ. ஒன்றரை மூட்டை அரிசி வீட்டுக்குள் வந்த மாதிரி.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. பீர் உடனே குடிக்கிற பொருள் இல்லை. டிரம்மில் 1 முதல் 2 வாரம் புளிக்க வேண்டும். பாட்டிலில் அடைத்த பிறகு காஸ் ஏற இன்னும் 2 வாரம். அதற்குள் அடுத்த மாதம் பிறந்து விடும். அடுத்த டிரம் போடுவார்கள். ஆக ஒரே நேரத்தில் புளிக்கிற டிரம் ஒன்று, காஸ் ஏறுகிற பாட்டில் 36, குடிப்பதற்கு ரெடியான பாட்டில் கொஞ்சம் என்று வீடு நிறைந்து விடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கணக்கில் விட்டு விடுவது காலி பாட்டில்களை. குடித்து முடித்தால் பீர்தான் காலியாகும். பாட்டில் பிடித்த இடம் காலியாகாது. அடுத்த முறைக்கு வேண்டுமே என்று கழுவி கவிழ்த்து வைக்க வேண்டும். காலி பாட்டிலும் நிரப்பிய பாட்டிலும் பிடிக்கும் இடம் ஒன்றுதான். ஃப்ரிட்ஜில் தோசை மாவு வைக்க இடமில்லை என்று வீட்டுக்காரம்மா சண்டைக்கு வருவது இந்த கட்டத்தில்தான்.

பாட்டிலுக்குள் டயர் காற்று

ஊறுகாய் ஜாடியை மூலையில் வைத்து விட்டு மறந்து விடலாம். வீட்டு பீரை அப்படி மறக்க முடியாது. கம்பெனி பீரில் பெரும்பாலும் ஈஸ்ட்டை வடிகட்டி, சூடு காட்டி அடக்கி விடுவார்கள். வீட்டு பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்.

காஸ் ஏறுவதற்காக பாட்டிலை மூடும் முன் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை சர்க்கரை சேர்க்கிறார்கள். 4 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய 1 லிட்டர் காஸ் உண்டாகும். மூடி இறுக்கமாக இருப்பதால் காஸ் வெளியே போக முடியாமல் பீருக்குள்ளேயே கரைகிறது. 25 டிகிரி வெயிலில் அந்த பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 30 பவுண்டு. கார் டயருக்கு அடிக்கிற காற்று அளவு. நல்ல பீர் பாட்டில் இதை தாங்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் அவசரப்படும்போதுதான். டிரம்மில் சர்க்கரை முழுதாக தீரும் முன்பே பாட்டிலில் அடைத்து விட்டால், மீதி சர்க்கரையையும் ஈஸ்ட் பாட்டிலுக்குள் வைத்து தின்னும். லிட்டருக்கு 10 கிராம் மிச்சம் இருந்தாலே காஸ் இரண்டு மடங்காகி விடும். அப்போது கண்ணாடி தாங்காது. கோலி சோடா பாட்டில் வெடித்து கையை கிழித்த கதைகள் நம்ம ஊர் பெரியவர்களுக்கு தெரியும். அதே மாதிரிதான் இதுவும். ஒரு பாட்டில் வெடித்தால் அதன் சில்லு பட்டு பக்கத்து பாட்டிலும் போகும்.

இதற்கு காவல் ஒரு சின்ன கருவி. பெயர் ஹைட்ரோமீட்டர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லேக்டோமீட்டர் போடுவார்களே, அதன் அண்ணன் தம்பி. பீரில் மிதக்க விட்டு அளவை குறித்து வைக்க வேண்டும். 2, 3 நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அளவு மாறவில்லை என்றால் ஈஸ்ட் வேலையை முடித்து விட்டது, பாட்டிலில் அடைக்கலாம். மாறினால் பொறுத்திருக்க வேண்டும்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது?

பீருக்கு எதிரிகள் மூன்று. சூடு, வெளிச்சம், ஆட்டம். சிங்கப்பூரில் வருஷம் முழுக்க பகலில் 31, 32 டிகிரி. ராத்திரியிலும் 23-க்கு கீழே இறங்குவது குறைவு. சாதாரண பீர் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரிதான் சுகம். சூடு கூடினால் பீரின் ருசி கெடும், பாட்டிலின் அழுத்தமும் ஏறும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஒரு மாதிரி துர்நாற்றம் வரும். அதனால்தான் பீர் பாட்டில் பழுப்பு கலரில் இருக்கிறது. பச்சை, வெள்ளை பாட்டில்கள் அந்த அளவுக்கு காப்பாற்றாது.

இதை வைத்து வீட்டின் ஒவ்வொரு மூலையையும் பார்க்கலாம்.

* கட்டிலுக்கு அடியில்: இருட்டு, அசையாத இடம். நல்லதுதான். ஆனால் பாட்டிலை படுக்க வைக்கக்கூடாது. அடியில் ஈஸ்ட் மண்டி படியும், நிமிர்த்தி வைத்தால்தான் பீர் தெளியும். பெரிய பாட்டில் கிட்டத்தட்ட ஒரு அடி உயரம். கட்டிலுக்கு அடியில் அவ்வளவு இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். மேலே படுத்து தூங்குவது குழந்தை என்றால் அந்த கட்டிலை தொடவே கூடாது.

* துணி அலமாரி: அடித்தட்டில் வைக்கலாம். மூடி போட்ட கனமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைப்பது கட்டாயம். வெடித்தாலும் சில்லு பெட்டியோடு நிற்கும்.

* பரண்: வேண்டாம். சூடு மேலேதான் தங்கும். 40 கிலோ தலைக்கு மேலே தொங்குவதும் நல்லதில்லை.

* சமையல் கட்டு: அடுப்பு சூடு படும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால் ஓயாத ஆட்டம்.

* ஜன்னல் விளிம்பு, ஏ.சி. பெட்டி வைக்கும் திட்டு: கனவிலும் கூடாது. மாடியில் இருந்து பொருள் விழுவதை சிங்கப்பூரில் பெரிய குற்றமாக பார்க்கிறார்கள். 10-வது மாடியில் இருந்து பாட்டில் விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போகும்.

* வாசலுக்கு வெளியே காரிடாரில்: தீ விபத்து நேரத்தில் ஓடுவதற்கு 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. செருப்பு ஸ்டாண்டு வைக்கலாம். பீர் கிரேட் அடுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார்.

குண்டுக்கு கட்டிய அறையில் பீர்

மிச்சம் இருப்பது ‘பாம் ஷெல்டர்’. சிங்கப்பூரில் 1997-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1998-க்கு பிறகு கட்டிய புது வீடுகளில் போர் வந்தால் ஒளிந்து கொள்ள கனமான கான்கிரீட் சுவரும் இரும்பு கதவும் போட்ட அறை வைக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலான புது வீ.வ.க. வீடுகளில் இது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாலு பேர் நெருக்கி நிற்கலாம், அவ்வளவுதான் அளவு. போர் வராத காலத்தில் இதை எல்லோரும் ஸ்டோர் ரூமாக வைத்துக் கொள்கிறார்கள். அரிசி மூட்டை, சூட்கேஸ், பழைய ஃபேன், அதோடு பீரும்.

பீருக்கு இதைவிட தோதான இடம் வீட்டில் இல்லை. ஜன்னல் கிடையாது, வெயில் வராது. தடித்த சுவர் என்பதால் சூடு திடீரென்று ஏறி இறங்காது. பாட்டில் வெடித்தாலும் கதவை மூடியிருந்தால் ஹாலில் விளையாடும் குழந்தைக்கு ஆபத்தில்லை. சுவரை இடிக்கவோ, இரும்பு கதவை கழற்றவோ மட்டும் கூடாது. தரையில் நிற்கும் அலமாரி போட்டு, கனமான பாட்டில்களை அடித்தட்டில் வைத்தால் போதும்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மூடிய பாட்டிலை வைக்கலாம், புளிக்கிற டிரம்மை வைத்து கதவை சாத்தக்கூடாது. 23 லிட்டர் பீர் புளித்து முடிவதற்குள் 400 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். அந்த சின்ன அறையின் மொத்த காற்றே சுமார் 5 ஆயிரம் லிட்டர்தான். பாழடைந்த கிணற்றில் தூர் வார இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்ததாக எத்தனை செய்தி படித்திருக்கிறோம்? அதுபோல காற்று போகாத அறையில் இந்த காஸ் தேங்கினால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. டிரம் இருக்க வேண்டியது காற்றோட்டமான இடத்தில்தான். பாட்டிலுக்கு பதில் 19 லிட்டர் ஸ்டீல் பீப்பாயும் காஸ் சிலிண்டரும் வாங்கி வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பீப்பாய் இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் சிலிண்டர் லீக் ஆனால் மூடிய அறை எமனாகி விடும்.

சூட்டை சமாளிக்க சிலர் டிரம்மை தண்ணீர் தொட்டியில் நிறுத்தி ஐஸ் பாட்டில் போடுகிறார்கள். ஈர துணி சுற்றி ஃபேன் காட்டுகிறவர்களும் உண்டு. வசதி உள்ளவர்கள் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்குகிறார்கள். ‘குவெய்க்’ என்று நார்வே நாட்டு பண்ணை ஈஸ்ட் ஒன்று இருக்கிறது. இது 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வேலை செய்யும் என்பதால் வெயில் நாடுகளில் இதற்கு மவுசு.

வெடிக்காமல் இருக்க...

* ஒரு தரம் உபயோகித்து தூக்கி எறியும் மெல்லிசு பாட்டிலில் அடைக்கக்கூடாது. கீறல், விளிம்பு உடைந்தது எதுவும் வேண்டாம்.

* 36 கண்ணாடி பாட்டில் போட்டால், கூடவே ஒரு சோடா பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே பீரை ஊற்றி வைக்க வேண்டும். அதை தினமும் அமுக்கி பார்க்கலாம். கல் மாதிரி இறுகி விட்டால் காஸ் ஏறி விட்டது என்று அர்த்தம். உடனே எல்லா பாட்டிலையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். குளிரில் ஈஸ்ட் தூங்கி விடும்.

* பெட்டியில் ஒரு பாட்டில் வெடித்து விட்டால் உடனே கையை விடக்கூடாது. தடித்த போர்வையை மேலே போட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பி, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். மீதி பாட்டில்களை குளிர வைத்து, துணி சுற்றி, மெதுவாக மூடியை திறந்து காஸை விட வேண்டும்.

* ஒவ்வொரு பெட்டியிலும் அடைத்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும். எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் போவதுதான் பாதி பிரச்சினைக்கு காரணம்.

இத்தனை கஷ்டமும் 23 லிட்டர் போடுவதால் வருவது. சட்டம் 30 லிட்டர் அனுமதிக்கிறது என்பதற்காக வீடும் 30 லிட்டரை தாங்கும் என்று அர்த்தமில்லை. 4, 5 லிட்டர் மட்டும் போட்டால் 7 பெரிய பாட்டிலோடு முடிந்து விடும். ஒரே ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். கட்டிலும் தப்பிக்கும், ஃப்ரிட்ஜில் மாவுக்கும் இடம் கிடைக்கும். முதலில் பெட்டி வைக்கும் இடத்தை அளந்து, அதற்கு தக்கபடி டிரம்மை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பலரும் டிரம்மை வாங்கிவிட்டு பிறகு இடம் தேடுகிறார்கள்.

இங்கே செய்தால் ஜெயில்

சிங்கப்பூர் கதையை கேட்டு தமிழ்நாட்டில் யாரும் டிரம்மை தூக்க வேண்டாம். இங்கே 1937-ம் ஆண்டு மதுவிலக்கு சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ராஜாஜி ஆட்சியில் அந்த ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது இந்த சட்டத்தின்படிதான். டாஸ்மாக் கடை இருப்பதால் சட்டம் செத்து விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அரசு அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதற்கான பொருட்களையும் பாத்திரங்களையும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ‘விற்கவில்லை, நான் குடிக்கத்தான்’ என்று சொன்னாலும் விட மாட்டார்கள். வீட்டு உபயோகத்துக்கு என்று இங்கே 30 லிட்டரும் இல்லை, 3 லிட்டரும் இல்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன் பிறகு அதே ஆண்டு இந்த சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்து தண்டனையை கடுமையாக்கினார்கள். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களும் விதியை முழுதாக படிக்க வேண்டும். ‘நண்பருக்கு பாட்டிலுக்கு 5 டாலருக்கு கொடுத்தேன்’ என்றால் அது விற்பனை. சலுகை அதோடு போய் விடும். வெளிநாட்டில் ஒரு கேஸ் விழுந்தால் வேலைக்கும் ஆபத்து. கடன் வாங்கி ஏஜெண்டுக்கு பணம் கட்டி போனவருக்கு ஒரு கேஸ் பீரை விட வேலை பெர்மிட் பெரிது.

ஊருக்கு வந்திருக்கும் சிங்கப்பூர் மாப்பிள்ளை ‘ஈஸ்ட் கொண்டு வந்திருக்கிறேன், போட்டு பார்க்கலாமா?’ என்று கேட்டால், ஆப்பத்துக்கு மாவு கரைத்து அதில் போடச் சொல்லுங்கள்.